கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: காடு, போர், தடை பற்றிய புத்தகங்களைப் படிக்க ஒரு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடை ஒன்றில் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். பதினெட்டு வெள்ளி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா மரண ரயில் பற்றியது. எங்கள் வீட்டில் அந்த ரயில் குடும்பக் கதை. பாட்டியின் அண்ணன் கெடாவில் ஒரு தோட்டத்திலிருந்து போனவர், திரும்பி வரவில்லை. பட்டர்வொர்த்துக்கு ஃபெரியில் திரும்பும்போது புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டி, சொல்லடைவில் 'தமிழர்' என்று தேடினேன். நானூற்றுச் சொச்சம் பக்கங்களில் மூன்றே மூன்று இடம். அதே சொல்லடைவில் ஓர் ஆஸ்திரேலிய இராணுவ மருத்துவரின் பெயருக்குப் பக்கத்தில் அரைப்பத்தி நீளத்துக்குப் பக்க எண்கள்.

மோசமான புத்தகம் இல்லை. முழுவதும் படித்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் யாருடைய கதையைச் சொல்லப்போகிறது என்பது படகு கரை சேர்வதற்குள் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து இந்த மாதிரி நூல்களை நான் முன்னாலிருந்து தொடங்குவதில்லை. பிறை என்ற ஊரில் நாங்கள் ஐந்து பேர் மாதம் ஒருமுறை சனிக்கிழமை மாலை கூடி இயற்கைப் பாதுகாப்பு, போர், தணிக்கை மூன்றையும் பற்றிய நூல்களைப் படித்துப் பேசுகிறோம். அங்கே தட்டுத்தடுமாறிக் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். தமிழ் சரளமாகவும், ஆங்கிலமோ மலாயோ கொஞ்சம் முயன்றும் படிக்கக்கூடியவர்களை மனத்தில் வைத்து எழுதுவது இது.

முதல் படி: ஓர் இடத்தைப் பிடியுங்கள்

'இந்த ஆண்டின் சிறந்த பத்து' பட்டியலை எடுத்துக்கொண்டு தொடங்காதீர்கள். முதல் வருடம் நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஒரு மாதம் அமேசான் காடு, அடுத்த மாதம் உக்ரைன், அதற்கடுத்து சீனத் தணிக்கை. ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை. ஒரு புத்தகத்தில் படித்ததை வைத்து இன்னொன்றைக் கேள்வி கேட்க முடியவில்லை.

இப்போது ஓர் இடத்தையும் காலத்தையும் தேர்ந்தெடுத்து அதைச் சுற்றி மூன்று நூல்கள் படிக்கிறோம். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு பிரிட்டிஷார் மோதிய மலாயாவின் அவசரகாலம், 1948 முதல் 1960 வரை, இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காடுதான் போர்க்களம். கெரில்லாக்களுக்கு உணவும் தகவலும் போகாமல் தடுக்க ஏறத்தாழ 5 லட்சம் பேரைக் காட்டோரத்திலிருந்து பெயர்த்து, முள்வேலி போட்ட 'புதிய கிராமங்களில்' குடியேற்றினார்கள். பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களையும் இடம் மாற்றினார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயங்களைச் சுற்றியும் வேலி வந்தது. அதே காலத்தில் பத்திரிகைகளுக்குக் கட்டுப்பாடு. ஆக, காட்டின் கதையைப் படித்தாலும், போரின் கதையைப் படித்தாலும், செய்தித்தாளின் கதையைப் படித்தாலும் ஒரே ஊருக்குத்தான் வந்து சேருவீர்கள்.

யாழ்ப்பாணமும் அப்படியே. 1981இல் எரிக்கப்பட்ட நூலகத்தில் தொடங்கி 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் வரைக்கும் ஒரே இழையில் போகலாம். ஆனால் நம்மில் பலருக்கு அது மனத்துக்கு மிக நெருக்கம். முதல் முயற்சிக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கும் ஒன்றை எடுப்பது நல்லது என்பது என் எண்ணம். எங்கள் குழுவில் டீச்சர் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

புத்தகம் கிடைக்கும் இடம், அப்புறம் தடைப் பட்டியல்

பினாங்கில் இருப்பவர்களுக்குச் செபெராங் ஜெயாவில் உள்ள மாநிலப் பொது நூலகம், சௌராஸ்தா மாடி, ஜார்ஜ் டவுன் கடற்கரைத் தெருவில் உள்ளூர் வரலாற்று நூல்களை விற்கும் கடை. கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகம். தமிழ் நூல்களுக்கு மஸ்ஜித் இந்தியா, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் தேடலாம், ஆனால் இந்த மூன்று விஷயங்களைப் பற்றித் தமிழில் புதிதாக வருவது குறைவு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பழைய செய்தித்தாள்களுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பு ஒரு புதையல். கட்டணம் இல்லை. பழைய தமிழ் முரசும் அதில் உண்டு.

வாங்கும் முன் ஒரு வேலை. நம் நாட்டில் 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி, உள்துறை அமைச்சர் ஒரு நூலை 'விரும்பத்தகாதது' என்று அரசிதழில் அறிவித்துத் தடை செய்யலாம். தடை செய்த நூலைத் தகுந்த காரணமின்றி வைத்திருப்பதே குற்றம், அபராதம் 5,000 ரிங்கிட் வரை போகும். அச்சிட்டு விற்பவருக்குச் சிறையும் உண்டு. அமைச்சின் இணையத்தளத்தில் பட்டியல் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தப் பட்டியலே படிக்க வேண்டிய ஒன்று. 2018 தேர்தலுக்குப் பிந்தைய மலேசியாவைப் பற்றிய ஒரு கட்டுரைத் தொகுப்பை 2020இல் அட்டைப் படத்தைக் காரணம் காட்டித் தடை செய்தார்கள். 2001இல் நடந்த கம்போங் மேடான் இன வன்முறை பற்றித் தமிழர் ஒருவர் எழுதிய நூலும் தடை செய்யப்பட்டது. எது தடைபட்டது என்பதைவிட எந்தக் காரணம் எழுதப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள்.

பின்னாலிருந்து திறப்பது

கையில் புத்தகம் வந்ததும் முதல் அரைமணி நேரம் முன்னுரையைத் தொட வேண்டாம்.

சொல்லடைவில் நான்கைந்து சொற்களைத் தேடுங்கள். நம் விஷயத்துக்கு: தமிழர், தோட்டத் தொழிலாளர், கங்காணி, ஓராங் அஸ்லி, பெண்கள். 'கூலிகள்' என்ற தலைப்பின் கீழ் நம்மவர்கள் ஒளிந்திருப்பதும் உண்டு, அதையும் பாருங்கள். பெயரோடு வருபவர்கள் யார், கூட்டமாக மட்டும் வருபவர்கள் யார் என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாகக் குறியுங்கள்.

அடுத்து அடிக்குறிப்புகள். ஓர் அத்தியாயத்தை மட்டும் எடுத்து, அதன் குறிப்புகள் எங்கிருந்து வந்தன என்று எண்ணிப் பாருங்கள். அரசு ஆவணம் எத்தனை, செய்தித்தாள் எத்தனை, நேர்காணல் எத்தனை. எல்லாமே ஒரு பக்கத்து ஆவணங்கள் என்றால் கதையும் அந்தப் பக்கத்துக் கண்ணால்தான் பார்க்கப்பட்டிருக்கும். எழுத்தாளரின் நேர்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

கிடைத்தது அவ்வளவுதான் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. பிரிட்டிஷார் காலனிகளை விட்டுப் போகும்போது சங்கடமான கோப்புகளில் பலவற்றை எரித்தார்கள், சிலவற்றைக் கையோடு கொண்டுபோனார்கள். கொண்டுபோனவை இங்கிலாந்தில் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்தன. கென்யாவில் சித்திரவதைக்கு உள்ளானவர்கள் லண்டனில் தொடுத்த வழக்கினால் 2011இல் விஷயம் வெளியே வந்தது. 37 முன்னாள் காலனிகளைச் சேர்ந்த சுமார் 8,800 கோப்புகள். அவற்றில் மலாயாவும் உண்டு. அதனால் அவசரகாலம் பற்றிய நூல் எதை எடுத்தாலும் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். 2012க்கு முன் எழுதியவர் அந்தக் கோப்புகளைப் பார்த்திருக்க முடியாது.

பத்தாங் காலி நிகழ்வை இந்த முறையில் படித்துப் பாருங்கள். 1948 டிசம்பரில் சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிரிட்டிஷ் இராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் 24 ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போதைய செய்தித்தாள்களில் அது 'தப்பியோட முயன்ற கொள்ளையர்' கதை. 1970இல் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றில் முன்னாள் படைவீரர்கள் சிலர் வேறு மாதிரி சாட்சி சொன்னார்கள். 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் வரை போயும் குடும்பத்தினர் கேட்ட பொது விசாரணை கிடைக்கவில்லை. ஒரு நூல் இந்த மூன்றில் எந்த ஆண்டின் கதையைச் சொல்கிறது என்பது குறிப்புகளைப் பார்த்தாலே தெரியும்.

எண்களை உடைத்துப் பார்ப்பது

எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் போவது இதில்தான். எண் வந்தால் பென்சிலை எடுங்கள். யார் எண்ணியது? எப்படி எண்ணியது? எந்த இடத்துக்கு, எந்தக் காலத்துக்கு? 'குறைந்தது' என்று சொல்கிறதா, 'வரை இருக்கலாம்' என்று சொல்கிறதா?

மலாயாப் புலியை எடுத்துக்கொள்வோம். '1950களில் 3,000 புலிகள், இன்று 150க்கும் குறைவு' என்ற வரியை எங்கும் பார்க்கலாம். பின்னால் வரும் எண், 2016 முதல் 2020 வரை காட்டுக்குள் தானியங்கிக் கேமராக்கள் வைத்து நடத்திய முதல் தேசியக் கணக்கெடுப்பிலிருந்து வருவது. முன்னால் வரும் 3,000 அக்கால அதிகாரி ஒருவரின் மதிப்பீடு. கேமரா இல்லை, முறையான கணக்கெடுப்பு இல்லை. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்து வரைபடம் போட்டால் சரிவு துல்லியமாகத் தெரிவது போல இருக்கும், ஆனால் கோட்டின் ஒரு முனை பனியில் இருக்கிறது. புலி குறைந்தது உண்மை, அதில் சந்தேகமே வேண்டாம். எத்தனை மடங்கு என்பதுதான் கேள்வி. இடையில் 2008இல் போட்ட தேசியத் திட்டம் 2020க்குள் 1,000 புலிகள் என்று இலக்கு வைத்தது. அந்த இலக்கைப் பேசாமல் 3,000ஐ மட்டும் பேசும் நூல் நாம் கேட்க வேண்டிய கேள்வியைத் தவிர்க்கிறது.

போரின் எண்கள் இன்னும் கடினம். இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றி 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை, 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று நம்பத்தகுந்த தரப்புகள் மதிப்பிடுவதாகச் சொன்னது. மேடையிலும் கட்டுரையிலும் அது பாதி நேரம் '40,000 பேர் கொல்லப்பட்டனர்' என்று ஆகிவிடுகிறது, பாதி நேரம் 'ஐ.நா. மிகைப்படுத்தியது' என்று ஆகிவிடுகிறது. 2012இல் வந்த ஐ.நா.வின் உள்ளக ஆய்வு 70,000க்கும் மேற்பட்டோர் 'கணக்கில் வரவில்லை' என்ற தகவலையும் குறிப்பிடுகிறது. 'கொல்லப்பட்டனர்' வேறு, 'கணக்கில் வரவில்லை' வேறு. எங்கள் குழுவில் ஒரு தம்பி இதைக் கேட்டுக் கோபப்பட்டார்: "செத்தவனை இப்படியா அண்ணே அளப்பது?" அவர் கோபம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அந்தச் சொற்களைக் கலந்துவிட்டால் மறுக்க விரும்புகிறவருக்குத்தான் வேலை எளிதாகும் என்று டீச்சர் சொன்னார். எனக்கும் அதே கருத்து.

சயாம் ரயிலுக்குத் திரும்புகிறேன். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கு மேல். காஞ்சனபுரியில் மட்டும் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும். காரணம், கைதிகளில் அதிகாரிகள் இருந்தார்கள், ஒளித்துவைத்தாவது பட்டியல் எழுதினார்கள். மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கொண்டுபோன ஆசியத் தொழிலாளர்களுக்கு 'சுமார் 90,000' என்ற மதிப்பீடுதான் அடிக்கடி வருகிறது. பட்டியல் எழுத ஆளில்லை. என் பாட்டியின் அண்ணன் அந்த 'சுமார்' என்ற சொல்லுக்குள் எங்கோ இருக்கிறார்.

சொற்களைத் தட்டிப் பார்ப்பது

இது சின்ன விஷயம், ஆனால் சுவையானது. நூலாசிரியர் தன் பெயர்ச்சொற்களை யாரிடமிருந்து கடன் வாங்கினார் என்று பாருங்கள்.

'அவசரகாலம்' என்பதையே எடுங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் விமானத்திலிருந்து குண்டு போட்டும் அதைப் போர் என்று சொல்லவில்லை. போர் என்று அறிவித்தால் லண்டன் காப்புறுதி நிறுவனங்கள் தோட்ட முதலாளிகளுக்கு இழப்பீடு தராது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். 'நிரந்தரக் காப்புக்காடு' இன்னொன்று. கேட்டால் கோடரி படாத காடு போலத் தோன்றும். நம் வனச் சட்டத்தில் மரம் வெட்டுவதற்கென்றே ஒதுக்கிய உற்பத்திக் காடும் அந்த வகைக்குள் வரும். 'நில மீட்பு' என்று நம் செய்தித்தாள்கள் எழுதுவதும் அப்படித்தான். கடலில் மண் கொட்டுவதை மீட்பு என்கிறோம். யாரிடமிருந்து மீட்கிறோம்? மலாயில் 'தம்பாக்' என்ற சொல் இதைவிட நேர்மையானது, கொட்டி நிரப்புவது என்று பொருள்.

அந்தக் கடலைப் பற்றிய நூல் என்றால் கடைசித் தேதியையும் பாருங்கள். பினாங்கு தென்கரையில் மூன்று தீவுகள் உருவாக்கும் திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கைக்கு 2019இல் ஒப்புதல் வந்தது, மீனவர்கள் முறையிட்டதால் 2021இல் மேல்முறையீட்டு வாரியம் அதை ரத்து செய்தது, 2023இல் மறுபடி ஒப்புதல் வந்து, திட்டம் ஒரு தீவாகச் சுருங்கியது. 2022இல் முடித்த புத்தகம் மீனவர்களின் வெற்றிக் கதையாக இருக்கும்.

நீங்கள் ஆதரித்த தடையிலிருந்து தொடங்குங்கள்

தணிக்கை பற்றிய நூல்களைப் படிப்பது சுகமானது, அதுதான் சிக்கல். நாம் எப்போதும் எழுத்தாளர் பக்கம், எதிர்ப்பக்கத்தில் யாரோ ஓர் அதிகாரி. 1987 அக்டோபர் லாலாங் நடவடிக்கையில் 100க்கும் மேற்பட்டோரைக் கைது செய்து, மூன்று செய்தித்தாள்களின் உரிமத்தைப் பறித்த கதையைப் படிக்கும்போது யாருக்கும் தடுமாற்றம் வராது. முள்ளிவாய்க்கால் பற்றிய ஆவணப்படத்தை 2013 ஜூலையில் கோலாலம்பூர் சீன அசெம்பிளி மண்டபத்தில் தணிக்கை அனுமதி இல்லாமல் திரையிட்டதற்காக, மனித உரிமை அமைப்பு ஒன்றின் ஊழியர்மீது வழக்குப் போட்டு, 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். நம்மவர்களுக்கு அதிலும் தடுமாற்றம் இல்லை.

அதனால் எங்கள் குழு வேறு இடத்தில் தொடங்கியது. 'இண்டர்லோக்'. 1971இல் வந்த மலாய் நாவல், தேசிய இலக்கியவாதி ஒருவர் எழுதியது. 2011இல் படிவம் ஐந்தின் பாடநூலானது. இந்தியர்களின் சாதியைப் பற்றி அதில் இருந்த ஒரு சொல்லுக்காக நாம் தெருவில் இறங்கினோம். ஆண்டு முடிவதற்குள் திரும்பப் பெற்றார்கள். நானும் அப்போது எதிர்த்தவன். நாவலைப் படித்துவிட்டுத்தான் எதிர்த்தேனா? இல்லை. அந்தப் பக்கத்தின் நகலை மட்டும் பார்த்தேன்.

பாடநூலாக்குவதை எதிர்ப்பதும், புத்தகத்தையே தடை செய்வதும் ஒன்றல்ல என்று இன்றும் நினைக்கிறேன். பதினேழு வயதுப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து அந்தச் சொல்லைக் கேட்டே ஆகவேண்டும் என்பது வேறு, விரும்பியவர் வாங்கிப் படிப்பது வேறு. ஆனால் அந்த வேறுபாட்டை அன்று நான் யோசிக்கவில்லை. அன்றைய செய்திகளை மறுபடி எடுத்து, நாம் சொன்ன காரணங்களையும் மற்ற தடைகளுக்கு அமைச்சு சொன்ன காரணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். இனங்களிடையே பகை, மக்கள் மனம் புண்படுதல், பொது ஒழுங்கு. சொற்கள் சங்கடப்படும் அளவுக்கு ஒத்துப்போயின. அதற்கப்புறம் தணிக்கை பற்றிய நூல்களை நாங்கள் படிக்கும் விதமே மாறியது. உங்களுக்கும் அப்படி ஒரு தடை இருக்கும், தேடுங்கள்.

ஒரு பயிற்சி: 1941 டிசம்பர்

இதுவரை சொன்னதை ஒரே வார இறுதியில் செய்து பார்க்க ஒரு நூல் உண்டு. பினாங்கின் ஆங்கில நாளிதழ் 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ'வின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்துவின் நினைவுக் குறிப்பு, 'தி சாரா சாகா'. 1970இல் வந்தது, பின்னர் பினாங்கிலேயே மறுபதிப்பு கண்டது.

டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு போட்டன. என்ன விமானம் என்று பார்க்கத் தெருவுக்கு வந்து நின்ற கூட்டம் அதில் மாட்டியது. அடுத்த சில நாட்களில் பிரிட்டிஷார் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாக வெளியேற்றிவிட்டுக் கிளம்பினார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. அதை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றியவர் சரவணமுத்து. பிரிட்டிஷார் போய்விட்டார்கள் என்று வானொலியிலும் அறிவித்தார். பிறகு ஜப்பானியரின் சிறையிலும் இருந்தார்.

காலையில் பசியாறிவிட்டுக் கோட்டைப் பக்கம் போய் அந்த அத்தியாயத்தைப் படியுங்கள். பிறகு மூன்று கேள்விகள். தன் கதையைத் தானே, அதுவும் முப்பது ஆண்டுகள் கழித்துச் சொல்கிறவர் எதில் தன்னைப் பெரிதாக்கியிருக்கக்கூடும்? பத்திரிகை ஆசிரியராகத் தெரிந்தும் அப்போது அச்சிட முடியாமல் போனது எது? துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் எத்தனை வரி வருகிறார்கள்? அன்று மாலை சிங்கப்பூர் நூலகத் தொகுப்பில் அதே வாரத்துச் செய்தித்தாள்களைப் பாருங்கள். 1942க்கு நகர்ந்தால் ஜப்பானியர் நடத்திய 'சியோனான் ஷிம்புன்' இருக்கிறது. அதில் எல்லாம் நலமாக இருக்கும்.

எழுதிவைப்பது, கேட்டுவைப்பது

ஒவ்வொரு நூலுக்கும் ஒரே ஒரு பக்கம், தமிழில். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் எழுதும்போது புரியாத இடம் தானாக மாட்டிக்கொள்ளும். கூட்டத்தில் ஒருவர் மறுப்பாளராக, அதாவது நூல் சொல்வதை எதிர்த்துக் கேட்பவராக, இருக்க வேண்டும், மாதம் ஒருவர். ஆறு வாரத்துக்கு ஒரு நூல் போதும். வேலைக்குப் போகிறவர்களுக்கு நான்கு வாரம் பத்தாது.

சொல்லடைவில் மூன்று பக்கம் மட்டுமே இருக்கும் நம்மவர்களைப் பற்றி மீதியைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். தொண்ணூறைத் தாண்டியவர்கள். போனில் பதிவுசெய்ய அவர்களிடம் முதலில் அனுமதி கேளுங்கள். "போர் எப்படி இருந்துச்சு பாட்டி?" என்று தொடங்கினால் "ரொம்பக் கஷ்டம்பா" என்று முடிந்துவிடும். ஜப்பான்காரன் காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். மரவள்ளிக்கிழங்கில் தொடங்கி அரைமணி நேரத்தில் யார் யாரை லாரியில் ஏற்றினார்கள் என்பதற்கு அவர்களே வந்துவிடுவார்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், தோட்டத்தின் பெயர் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். பழைய தோட்டப் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள், இப்போது அங்கே தாமான், அதாவது வீடமைப்புப் பகுதியின் பெயர்தான் இருக்கும்.